அன்றாட முடிவுகளில் முன்யோசனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை மாறுவது, வீடு வாங்குவது, கடன் கொடுப்பது, மேற்படிப்பைத் தேர்ந்தெடுப்பது, வயதான பெற்றோரை யார் பார்த்துக்கொள்வது. இப்படிப்பட்ட முடிவுகளைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ராணுவத்திலும் பெரிய நிறுவனங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் உருவான யோசனை முறைகளில் வீட்டுக்கு உதவுபவை சில உண்டு, உதவாதவை பல உண்டு. எதை எங்கே வைத்துக்கொள்ளலாம் என்பது என் சொந்தக் கருத்து.

முன்யோசனை என்றால் எதிர்காலத்தைக் கணிப்பதுதானே? அது யாரால் முடியும்?

யாராலும் முடியாது. அந்த முயற்சியையே விட்டுவிடலாம்.

1970களின் தொடக்கத்தில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் பியர் வாக் என்பவரும் அவருடைய குழுவும் செய்த வேலையை இதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். எண்ணெய் விலை இத்தனை டாலர் ஆகும் என்று அவர்கள் ஒற்றை எண்ணைச் சொல்லவில்லை. விலை இப்போதுபோலவே போனால் நாம் என்ன செய்வோம், எண்ணெய் எடுக்கும் நாடுகள் கையை இறுக்கினால் என்ன செய்வோம் என்று சில கதைகளை எழுதினார்கள். ஒவ்வொரு கதையிலும் நிறுவனம் எங்கே மாட்டிக்கொள்ளும் என்று மேலாளர்களை யோசிக்க வைத்தார்கள். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை அறிவித்தன. சில மாதங்களில் விலை ஏறக்குறைய நான்கு மடங்கானது. அது எந்தத் தேதியில் வரும் என்று அந்தக் குழுவுக்கும் தெரிந்திருக்கவில்லை. ஆனால் அப்படியொரு நிலைமைக்குள் ஒருமுறை மனத்தளவில் போய்வந்திருந்ததால் சீக்கிரம் சுதாரித்துக்கொள்ள முடிந்தது.

இதை வீட்டுக்குக் கொண்டுவந்தால் ஒரே ஒரு கேள்வி மிஞ்சும்: இந்த முடிவு நாளைக்கு எனக்கு எந்தெந்த வழிகளை அடைக்கிறது? இரண்டு வேலைகள் கையில் இருக்கின்றன, சம்பளம் ஏறக்குறைய ஒன்றுதான் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் மூன்று வருடம் விலகக் கூடாது என்று ஒப்பந்தம் உண்டு, இன்னொன்றில் இல்லை. சம்பளத்தை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் சமம். முன்யோசனை உள்ளவருக்கு அந்த மூன்று வருடம் ஒரு விலை. அந்த விலைக்கு ஈடாக ஏதாவது கிடைக்கிறதா என்று கேட்பார்.

எல்லா முடிவுக்கும் இவ்வளவு யோசிக்க வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். நாளொன்றுக்கு எடுக்கும் முடிவுகளில் பெரும்பாலானவை தப்பாகப் போனாலும் அடுத்த வாரம் ஞாபகம் இருக்காது. திரும்பி வர முடியுமா, எவ்வளவு காலம் கட்டிப்போடும் என்ற இரண்டை மட்டும் கேளுங்கள். சுலபமாகத் திரும்பி வரலாம் என்றால் சட்டென்று முடிவெடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். எந்த போன் வாங்குவது என்று மூன்று வாரம் ஆராய்ந்துவிட்டு, இருபது வருட வீட்டுக் கடனுக்கு ஒரே மாலையில் கையெழுத்துப் போடுகிறவர்கள் நிறையப் பேர். நேரத்தைத் தலைகீழாகச் செலவழிக்கிறோம் என்பதுதான் பெரும்பாலும் பிரச்சினை.

ஒரு தாளில் நன்மை, தீமை என்று இரண்டு பக்கம் எழுதினால் போதாதா?

பழைய முறைதான், கெட்ட முறையும் இல்லை. 1772-ல் பெஞ்சமின் பிராங்க்ளின் தன் நண்பர் ஜோசப் பிரீஸ்ட்லிக்கு எழுதிய கடிதத்தில் இதைத்தான் விளக்கினார்: தாளை நடுவில் கோடிட்டுப் பிரி, மூன்று நான்கு நாள் தோன்றத் தோன்ற எழுது, இரண்டு பக்கமும் எடை சமமாக இருப்பவற்றை அடித்துக்கொண்டே வா. அந்த மூன்று நான்கு நாள் என்பதை மறந்துவிட்டுப் பத்து நிமிடத்தில் எழுதி முடிப்பவர்களுக்குத்தான் இந்தப் பட்டியல் வேலை செய்வதில்லை.

1838-ல் சார்லஸ் டார்வின் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று இப்படியொரு பட்டியல் போட்டார். வேண்டாம் என்ற பக்கத்தில் நேரம் வீணாகும், புத்தகம் வாங்கப் பணம் குறையும் என்றெல்லாம் எழுதியிருந்தார். வேண்டும் என்ற பக்கத்தில், துணைக்கு ஒருவர் இருப்பது எப்படியும் ஒரு நாயைவிட மேல் என்று ஒரு வரி இருக்கிறது. அடுத்த ஜனவரியில் எம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டார். பட்டியலைப் படித்தால் முடிவு ஏற்கெனவே மனதில் இருந்தது போலத்தான் தெரிகிறது.

இந்த முறையின் பெரிய குறை வேறு. "செய்யலாமா, வேண்டாமா" என்று இரண்டே வழி இருப்பதாக அது எடுத்துக்கொள்கிறது. வேலையை விடலாமா வேண்டாமா என்று நன்மை தீமை எழுதிக்கொண்டே இருந்தால், சம்பளமில்லா விடுப்பு கேட்கலாம், வேறு பிரிவுக்கு மாறலாம், வாரத்தில் நான்கு நாள் வேலை கேட்கலாம் என்பதெல்லாம் தாளுக்கே வராது. மூன்றாவது வழி ஒன்றாவது எழுதாமல் பட்டியலைத் தொடங்காதீர்கள்.

வேலையை விட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்க நினைக்கிறேன். எங்கிருந்து யோசிக்க ஆரம்பிப்பது?

தோல்வியிலிருந்து. கேரி கிளைன் என்ற உளவியலாளர் பிரபலமாக்கிய முறை இது. 2007-ல் நிர்வாகப் பத்திரிகை ஒன்றில் அதைப் பற்றி எழுதினார். திட்டம் தொடங்கும் முன்பே அது படுதோல்வி அடைந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று எழுத வேண்டும். "என்ன தப்பாகப் போகலாம்?" என்று கேட்டால் மனசு ஒன்றிரண்டு காரணம் சொல்லிவிட்டு நின்றுவிடும். "தோற்றுப் போய்விட்டது, ஏன்?" என்று கேட்டால் காரணங்கள் வரிசையாக வரும். குழுவில் யாரும் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் சந்தேகமும் அப்போது வெளியே வந்துவிடும்.

ஒரு கற்பனை உதாரணம் பார்ப்போம். ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதும் பெண். சிறு கடைகளுக்கு வெளியிலிருந்து கணக்கு எழுதிக் கொடுக்கும் தொழில் தொடங்க ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நோட்டை எடுத்து எழுதுகிறார்: "பதினெட்டு மாதம் ஆகிவிட்டது. தொழிலை மூடிவிட்டேன். ஏனென்றால்..."

முதலில் வருவது எல்லோருக்கும் வருவதுதான்: வாடிக்கையாளர் கிடைக்கவில்லை. அதில் நின்றுவிடக் கூடாது. கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது வருகிறது: வாடிக்கையாளர் கிடைத்தார்கள், ஆனால் வருமானத்தில் முக்கால் பங்கு ஒருவரிடமிருந்தே வந்தது, அவர் கடையை மூடினார். மூன்றாவது: வேலை முடிந்தது, பணம்தான் வரவில்லை, மூன்று மாதம் கெஞ்ச வேண்டியிருந்தது. நான்காவதாக, பேனாவைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்த பிறகு: "நஷ்டம் என்று தெரிந்தும் வீட்டில் நான்கு மாதம் சொல்லவில்லை."

அந்த நான்காவது வரிக்காகத்தான் இவ்வளவும். முதல் மூன்றும் தொழில் சம்பந்தப்பட்டவை, அவற்றுக்கு ஏற்பாடு செய்யலாம். ஒருவரையே நம்பியிருக்கக் கூடாது, முன்பணம் வாங்க வேண்டும், அவ்வளவுதான். நான்காவது அவருடைய சுபாவம் சம்பந்தப்பட்டது. எந்த நிபுணரும் அவரிடம் அதைச் சொல்லியிருக்க மாட்டார். அதற்கு அவர் செய்யும் ஏற்பாடு சின்னதுதான். மாதம் முதல் ஞாயிறு அன்று கணக்கு நோட்டைக் கணவரிடம் காட்டுவது என்று இப்போதே பேசிக்கொள்கிறார், லாபமோ நஷ்டமோ.

அப்புறம் அடுத்த கேள்வி: இதில் எதையாவது வேலையை விடாமலே சோதித்துப் பார்க்க முடியுமா? முடியும். இரண்டு கடைகளுக்கு மட்டும் ஆறு மாதம் மாலை நேரத்தில் எழுதிக் கொடுக்கலாம், இப்போதைய வேலையின் விதிமுறை இடம் கொடுத்தால். பணம் ஒழுங்காக வருகிறதா, இந்த வேலை தனக்குப் பிடிக்கிறதா என்று பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். வேலையை விடுவது ஒரு வழியை அடைக்கும் முடிவு, மாலை நேரச் சோதனை எதையும் அடைக்காது. முதலில் இரண்டாவதைச் செய்யுங்கள்.

நான் போடும் கணக்கைவிட எந்த வேலைக்கும் இரண்டு மடங்கு நாளாகிறது. ஏன்?

உங்களுக்கு மட்டும் இல்லை. 1979-ல் உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் இந்தப் பிழைக்கு ஒரு பெயரே வைத்தார்கள். 1994-ல் வெளியான ஓர் ஆய்வில் மாணவர்களிடம் ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டதாகப் போனால்? 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாள். மோசமான கணக்கே நடந்ததைவிட நல்லதாக இருந்திருக்கிறது!

கானமன் தன் கதையையே சொல்லியிருக்கிறார். இஸ்ரேலில் பள்ளிகளுக்கு ஒரு பாடநூல் எழுதும் குழுவில் இருந்தார். எப்போது முடியும் என்று குழுவில் எல்லோரையும் தனித்தனியாக எழுதச் சொன்னார். எல்லோரும் ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டுக்குள் எழுதினார்கள். பிறகு குழுவிலிருந்த பாடத்திட்ட நிபுணர் பக்கம் திரும்பி, இதேபோன்ற மற்ற குழுக்களுக்கு எவ்வளவு ஆனது என்று கேட்டார். நிபுணர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: நாற்பது சதவீதம் பேர் முடிக்கவே இல்லை. முடித்தவர்களில் யாருக்கும் ஏழு ஆண்டுக்குக் குறைவாக ஆகவில்லை. சில நிமிடங்களுக்கு முன் அதே மனிதரும் மற்றவர்களைப் போல இரண்டு ஆண்டு என்றுதான் எழுதியிருந்தார்! அறிவு தலைக்குள்ளேயே இருந்தது, தன் திட்டத்தோடு அதைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. புத்தகம் முடிய எட்டு ஆண்டு ஆனது.

ஆகவே வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கூட்டிப் பார்ப்பதற்கு முன், இதேபோல் செய்த நாலு பேரிடம் எத்தனை நாள் ஆனது என்று கேளுங்கள். எத்தனை நாள் ஆக வேண்டும் என்று கேட்காதீர்கள், அதற்கு அவர்களும் உங்களைப் போலத்தான் பதில் சொல்வார்கள். வீடு கட்டுவதோ, தேர்வுக்குப் படிப்பதோ, புது மொழி கற்பதோ, எதுவானாலும் அடுத்தவருக்கு நடந்ததுதான் உங்கள் ஆரம்பக் கணக்கு. "நான் கொஞ்சம் வேகமானவன்" என்ற கழிவை அதற்குப் பிறகு வேண்டுமானால் கொடுத்துக்கொள்ளலாம், அதுவும் கொஞ்சமாக.

சதுரங்கக்காரர்கள் போல எத்தனை நகர்வு முன்னால் யோசிக்க வேண்டும்?

டச்சு உளவியலாளர் அட்ரியான் டி கிரோட் 1940களில் ஆட்டக்காரர்களைச் சத்தமாக யோசிக்கச் சொல்லிப் பதிவு செய்தார். உலகத் தரத்து ஆட்டக்காரர்கள் மற்ற தேர்ந்த ஆட்டக்காரர்களைவிட ரொம்ப ஆழமாகப் போகவில்லை. யோசிக்கத் தகுந்த நகர்வுகளைத்தான் சட்டென்று கண்டுபிடித்தார்கள். வாழ்க்கைக்கு இரண்டு படி போதும் என்பது என் எண்ணம். நான் இதைச் செய்தால் என்ன நடக்கும், அதற்கு மற்றவர்கள் என்ன செய்வார்கள்? மூன்றாவது படியிலிருந்து பெரும்பாலும் கற்பனைதான்.

மற்றவர்கள் சம்பந்தப்பட்ட முடிவுகளில் நான் எவ்வளவு யோசித்தாலும் கடைசியில் சுமை என் தலையில் விழுகிறதே?

முதல் முறை நீங்கள் சொன்ன "சரி"யை எல்லோரும் விதியாக எடுத்துக்கொண்டிருப்பார்கள். குடும்பத்திலும் அலுவலகத்திலும் தற்காலிகம் என்று தொடங்கியதில் பாதி நிரந்தரமாகிவிடுகிறது. யாரும் சதி செய்வதில்லை. ஏற்பாடு ஓடிக்கொண்டிருக்கும்போது அதை மாற்ற வேண்டிய அவசரம் மற்றவர்களுக்கு வருவதில்லை, அவ்வளவுதான்.

மூன்று பிள்ளைகள். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை. கடைசித் தம்பி, "இப்போதைக்கு அம்மா என்னோட இருக்கட்டும்" என்கிறான். நல்ல மனசு. ஆனால் அந்த "இப்போதைக்கு" என்ற சொல்லில் தேதி இல்லை. ஒரு வருடம் கழித்து அவன் முகம் சுளித்தால், இத்தனை நாள் பார்த்துக்கொண்டவன் இப்போது கைவிடுகிறான் என்று பேச்சு வரும். அதையே அவன் வேறு மாதிரி சொல்லியிருக்கலாம்: "அண்ணா, அக்கா, மூணு மாசம் அம்மா என்னோட இருக்கட்டும். அதுக்குள்ள நடக்க ஆரம்பிச்சிடுவாங்கன்னு டாக்டர் சொல்றார். மார்ச் கடைசி ஞாயிறு மூணு பேரும் உட்கார்ந்து அடுத்து என்னன்னு பேசுவோம். அம்மாவையும் கேட்போம்." உதவி அதேதான், ஆனால் மறுபரிசீலனைக்கு ஒரு நாள் முதலிலேயே குறிக்கப்பட்டுவிட்டது. அந்த நாள் வரும்போது அவன் புகார் சொல்பவனாக நிற்க வேண்டியதில்லை.

சொந்தக்காரருக்குக் கடன் கொடுப்பதிலும் இதேதான். திரும்பி வராவிட்டால் இந்த உறவு என்னாகும் என்பது முதல் கேள்வி. இவருக்குக் கொடுத்தது தெரிந்து அடுத்து யார் வருவார்கள் என்பது இரண்டாவது. திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய தொகையை மட்டும் கொடுப்பவர்கள், பணத்தோடு உறவையும் சேர்த்து இழப்பதில்லை.

இதற்குச் சூழ்ச்சி என்று பெயர் வைக்காதீர்கள். மற்றவர் எப்படி யோசிப்பார் என்று முன்கூட்டியே நினைத்துப் பார்ப்பது மரியாதையின் ஒரு வகை. மறைத்துச் செய்தால்தான் அது சூழ்ச்சி.

ஐந்து வருடத் திட்டம், பத்து வருடத் திட்டம் போட வேண்டுமா?

திசை வேண்டும், தேதி போட்ட விரிவான திட்டம் எனக்கு நம்பிக்கை தருவதில்லை. காரணம் உலகம் மாறும் என்பது மட்டுமில்லை, நீங்களே மாறிவிடுவீர்கள். 2013-ல் வெளியான ஓர் ஆய்வில் 18 முதல் 68 வயது வரையிலான 19,000-க்கும் அதிகமானவர்களிடம் கேட்டார்கள். கடந்த பத்து வருடத்தில் நிறைய மாறியிருக்கிறேன் என்று எல்லா வயதுக்காரர்களும் சொன்னார்கள். அடுத்த பத்து வருடத்தில் அவ்வளவாக மாற மாட்டேன் என்றும் எல்லா வயதுக்காரர்களும் சொன்னார்கள். இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது.

அதனால் இருபத்தைந்து வயதுக்காரர் நாற்பது வயதுக்காரருக்காக எல்லாவற்றையும் தீர்மானித்து வைப்பது கொஞ்சம் அத்துமீறல். எந்த ஆசை வந்தாலும் உதவுபவற்றை அவருக்குச் சேர்த்து வைக்கலாம். உடம்பு, சேமிப்பு, நல்ல நட்பு, இரண்டு மூன்று இடங்களில் விலைபோகும் திறமை.

இவ்வளவு பணத்தையும் நேரத்தையும் போட்டாகிவிட்டது. இப்போது விட முடியுமா?

போட்டது போனது. இனிமேல் போடப்போவதை மட்டும் பாருங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்வது சுலபம். 1985-ல் ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற இருவர் ஒரு கேள்வி கேட்டார்கள்: பனிச்சறுக்குப் பயணத்துக்கு 100 டாலரில் ஒரு டிக்கெட், 50 டாலரில் இன்னொரு டிக்கெட் வாங்கிவிட்டீர்கள். 50 டாலர் பயணம்தான் சந்தோஷமாக இருக்கும் என்று தெரியும். இரண்டும் ஒரே நாளில் வருகின்றன, பணம் திரும்பக் கிடைக்காது. எதற்குப் போவீர்கள்? பாதிக்கும் மேற்பட்டவர்கள் 100 டாலர் பயணத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

நடுவில் நின்றுகொண்டு இந்த உணர்ச்சியோடு சண்டை போட்டு ஜெயிப்பது கஷ்டம். அதனால் எங்கே நிறுத்துவது என்பதை ஆரம்பத்திலேயே, மனசு தெளிவாக இருக்கும்போதே எழுதி வைத்துவிட வேண்டும். "சரியா வரலைன்னா விட்டுடுவேன்" என்பது உதவாது. "சேமிப்பு மூன்று மாதச் செலவுக்குக் கீழே போனால் வேலை தேடத் தொடங்குவேன்." "இரண்டாவது முயற்சியிலும் தேர்வாகவில்லை என்றால் வேறு படிப்பில் சேருவேன்." இப்படி எண்ணோ தேதியோ இருக்க வேண்டும். இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று இணைத்து எழுதியவர்கள் எண்ணியதைச் செய்துமுடிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

எழுதியதை இன்னொருவரிடம் கொடுத்து வையுங்கள். எல்லையை நெருங்கும்போது அதைத் தள்ளி வைக்க நல்ல நல்ல காரணங்கள் உங்களுக்குத் தோன்றும்.

எவ்வளவு மிச்சம் வைத்துக்கொள்வது? எல்லாவற்றிலும் கூடுதலாக வைத்தால் வீண்தானே?

தென் துருவத்துக்கு ஒரே பருவத்தில் போன இரண்டு குழுக்களைப் பார்க்கலாம். நார்வேக்காரர் ஆமுண்ட்சென் 1911 டிசம்பர் 14-ல் போய்ச் சேர்ந்தார், பிரிட்டனைச் சேர்ந்த ஸ்காட் 1912 ஜனவரி 17-ல். இருவரும் கிளம்புவதற்குப் பல மாதங்கள் முன்பே வழியில் உணவுக் கிடங்குகள் வைத்திருந்தார்கள். பனிப் பாலைவனத்தில் அந்தச் சின்னக் குவியலைத் திரும்பக் கண்டுபிடிப்பதுதான் பாடு. ஆமுண்ட்சென், தாங்கள் வழி தவறுவோம் என்று எடுத்துக்கொண்டே ஏற்பாடு செய்தார். கிடங்கின் இரண்டு பக்கமும், பயணப் பாதைக்குக் குறுக்காகப் பல கிலோமீட்டர் தூரத்துக்குக் கொடிகளை வரிசையாக நட்டார். எந்தப் பக்கம் விலகி வந்தாலும் ஒரு கொடி கண்ணில் படும்.

ஸ்காட் குழு தன் முக்கியக் கிடங்கை 80 டிகிரி தெற்கில் வைக்கத் திட்டமிட்டது. குதிரைகள் தளர்ந்துபோனதால் அதற்கு 50 கிலோமீட்டருக்கும் மேல் முன்னாலேயே இறக்கி வைத்தார்கள். திரும்பி வரும்போது ஸ்காட்டும் மிஞ்சிய இரண்டு தோழர்களும் அந்தக் கிடங்கிலிருந்து ஏறக்குறைய 18 கிலோமீட்டர் தள்ளி, கூடாரத்துக்குள் இறந்தார்கள். கடும் குளிர், நோய், எரிபொருள் குறைவு என்று காரணங்கள் பல, கிடங்கு ஒன்றையே குற்றம் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த 50-ஐயும் 18-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

எல்லாவற்றிலும் கூடுதல் வேண்டாம். தவறினால் மீள முடியாத இடத்தில் தாராளமாக வையுங்கள். இணைப்பு விமானத்துக்கு இடைவெளி, அவசரப் பணம், விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்கு முன் சில நாள். மீள முடிந்த இடத்தில் சிக்கனம் பரவாயில்லை.

இன்சூரன்ஸ், கூடுதல் உத்தரவாதம் எல்லாம் எடுக்கலாமா?

நடந்தால் குடும்பமே ஆட்டம் காணும் என்பதற்கு எடுங்கள். சம்பாதிப்பவரின் உயிர், பெரிய நோய், வீடு. நடந்தால் எரிச்சல் மட்டுமே வரும் என்பதற்கு வேண்டாம். மிக்சிக்கும் இயர்போனுக்கும் கூடுதல் உத்தரவாதம் விற்பவருக்குத்தான் அதில் லாபம்.

எப்போதும் கெட்டதையே நினைத்தால் மனசு கெட்டுப்போகாதா?

நினைத்துவிட்டு எதுவும் செய்யாமல் விட்டால் கெட்டுப்போகும். அதற்குப் பெயர் கவலை. எழுதி, ஒரு ஏற்பாடு செய்து, நோட்டை மூடிவிட்டால் பெரும்பாலானவர்களுக்கு உண்மையில் நிம்மதிதான் வருகிறது. இருந்தும் ராத்திரி தூக்கம் வராத அளவுக்குப் போனால் அது முன்யோசனை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, மருத்துவரிடம் பேச வேண்டியது.

யோசித்து யோசித்தே வருடம் ஓடிவிடுகிறது. எப்படி நிறுத்துவது?

ஹெர்பர்ட் சைமன் 1978-ல் பொருளாதார நோபல் வாங்கியவர். மனிதர்கள் ஆகச் சிறந்ததைத் தேடுவதில்லை, அப்படித் தேட நேரமோ மூளையோ யாருக்கும் கிடையாது, போதுமானது கிடைத்ததும் நிறுத்திவிடுகிறார்கள் என்றார். தேடத் தொடங்கும் முன்பே "போதும்" என்பதற்கு வரையறை எழுதிக்கொள்ளுங்கள். வாடகை வீடு என்றால்: அலுவலகத்திலிருந்து அரை மணி, இரண்டு அறை, வெளிச்சம். இது மூன்றும் உள்ள முதல் வீடு வந்ததும் தேடல் முடிந்தது. பத்தாவது வீட்டைப் பார்க்கப் போகாதீர்கள்.

பெரிய முடிவில் இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கினால் மாற்றத்தின் பக்கம் கொஞ்சம் சாயலாம் என்று சொல்ல ஓர் ஆதாரம் உண்டு. பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட் ஓர் இணையதளம் வைத்து, முடிவெடுக்க முடியாமல் திணறுபவர்களை நாணயம் சுண்டச் சொன்னார். 20,000-க்கும் அதிகமான முறை நாணயம் சுண்டப்பட்டது. ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது, வேலையை விடுவது, உறவை முறிப்பது போன்ற பெரிய விஷயங்களில் மாற்றத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தவர்களைவிடச் சந்தோஷமாக இருந்தார்கள். ஒன்றைக் கவனியுங்கள்: இவர்கள் ஏற்கெனவே மாற்றத்தை நினைத்துத் தவித்தவர்கள், ஒழுங்காகப் பதில் சொல்ல முன்வந்தவர்கள். இதைப் படித்துவிட்டு நாளைக் காலை ராஜினாமா கடிதம் கொடுக்க வேண்டாம்.

உள்ளுணர்வு சொல்வதைக் கேட்கலாமா?

அது எங்கே பழகியது என்று பாருங்கள். உள்ளுணர்வை நம்பும் கேரி கிளைனும் அதைச் சந்தேகிக்கும் கானமனும் சேர்ந்து 2009-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். துறையில் ஒழுங்கு இருக்க வேண்டும், செய்தது சரியா தப்பா என்று சீக்கிரம் தெரிய வேண்டும், அப்போதுதான் உள்ளுணர்வு தேறும் என்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள். பத்து வருட அனுபவமுள்ள நர்ஸுக்கு நோயாளியின் முகம் சரியில்லை என்று பட்டால் நம்பலாம். வாழ்நாளில் இரண்டாவது முறை வீடு வாங்குகிறவருக்கு "இந்த இடம் ஏறும்" என்று பட்டால், அது உள்ளுணர்வு வேடத்தில் வந்திருக்கும் ஆசை.

எடுத்த முடிவு நல்லதா கெட்டதா என்று பின்னால் எப்படித் தெரிந்துகொள்வது?

விளைவை மட்டும் வைத்துத் தெரிந்துகொள்ள முடியாது. குடித்துவிட்டு வண்டி ஓட்டி பத்திரமாக வீடு சேர்ந்தவர் எடுத்தது நல்ல முடிவில்லை. நன்றாக யோசித்து எடுத்த முடிவும் அதிர்ஷ்டமில்லாமல் கவிழலாம். நமக்கு வரும் தொல்லை, விளைவு தெரிந்த பிறகு பழைய யோசனையை அப்படியே நினைவுகூர முடியாது என்பது. எனக்கு அப்பவே தெரியும் என்று ஞாபகம் தானாகவே திருத்தி எழுதிக்கொள்ளும்.

அதனால் பெரிய முடிவு எடுக்கும் அன்றே அரைப் பக்கம் எழுதிவிடுங்கள். என்ன முடிவு, ஏன், என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன், எத்தனை சதவீதம் நம்பிக்கை. அந்தச் சதவீதம் முக்கியம். "அநேகமாக நடக்கும்" என்று எழுதினால் பின்னால் எப்படி வேண்டுமானாலும் வளைத்துக்கொள்ளலாம், "70 சதவீதம்" என்று எழுதினால் வளைக்க முடியாது. அமெரிக்க உளவுத்துறையின் ஆய்வு அமைப்பு ஒன்று 2011 முதல் 2015 வரை உலக நிகழ்வுகளைக் கணிக்கும் போட்டி நடத்தியது. அதில் உளவியலாளர் பிலிப் டெட்லாக்கின் குழுவில் சேர்ந்த சாதாரண ஆட்கள் பலர் பிரமாதமாகச் செய்தார்கள். அவர்களுடைய பழக்கங்களில் ஒன்று, புதுச் செய்தி வந்ததும் 60-ஐ 64 ஆக்குவது போலச் சின்னச் சின்னதாக எண்ணைத் திருத்துவது. வீட்டில் அவ்வளவு நுணுக்கம் வேண்டாம். எழுதிய அரைப் பக்கத்தை ஆறு மாதம் கழித்து எடுத்துப் படித்தாலே போதும்.

மாதக் கடைசியில் கையில் ஒன்றுமில்லாதவருக்கு இந்தத் தொலைநோக்கெல்லாம் எதற்கு?

நியாயமான கேள்வி. முன்யோசனை இல்லாததால்தான் ஏழையாக இருக்கிறார்கள் என்று பேசுபவர்கள் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிப் போடுகிறார்கள். 2013-ல் வெளியான ஓர் ஆய்வில் 464 கரும்பு விவசாயிகளுக்கு அறுவடைக்கு முன்னும் பின்னும் ஒரே வகையான யோசனைச் சோதனைகளை வைத்தார்கள். ஆள் அதே ஆள்தான். கையில் பணம் இல்லாத அறுவடைக்கு முந்தைய நாட்களில் மதிப்பெண் குறைந்தது, பணம் வந்த பிறகு கூடியது. நெருக்கடி மூளையின் ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்துக்கொள்கிறது.

இதிலிருந்து செய்யக்கூடியது ஒன்று உண்டு. பெரிய முடிவுகளைப் பணம் வந்த வாரத்துக்குத் தள்ளி வையுங்கள். கடன் ஒப்பந்தம், பள்ளி மாற்றம், வீடு மாற்றம் எதுவானாலும் மாதக் கடைசி ராத்திரியில் தீர்மானிக்க வேண்டாம். "இன்றைக்கே கையெழுத்துப் போட்டால்தான் இந்த வட்டி" என்று ஒருவர் அவசரப்படுத்தினால், அந்த அவசரம் யாருக்கு லாபம் என்று கேட்டுவிட்டு, ஒரு வாரம் தவணை கேளுங்கள். பெரும்பாலும் அதே சலுகை அடுத்த வாரமும் இருக்கும்.